ஐந்து புள்ளி ஒன்பதுக்குக் கைதட்டல்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சர்க்கரை ரிப்போர்ட்டுக்குத் தனி மரியாதை உண்டு. கல்யாணப் பத்திரிகை போட்டால்கூட நாலு பேர் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். மூன்று மாத சராசரியை யாராவது படம் பிடித்துப் போட்டால் அமெரிக்காவில் இருக்கிறவர்கள் வரை எழுந்து வந்துவிடுவார்கள். போன வருடம் ஆடி மாதத்தில் மதுரைப் பெரியம்மாவின் ரிப்போர்ட்டை அண்ணன் போட்டார். ஹெச்பிஏ1சி, அதாவது அந்த மூன்று மாத சராசரி, 5.9. பெரியம்மாவுக்கு வயது 78, சர்க்கரை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "இந்த வயசுல இப்படி ஒரு கன்ட்ரோலா!", "பெரியம்மாகிட்ட நாமெல்லாம் கத்துக்கணும்" என்று வரிசையாகப் பாராட்டு. கணக்குப் பரீட்சையில் சென்டம் வாங்கிய பிள்ளைக்குக் கிடைக்குமே, அந்த மாதிரி. அதே வாரம் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் சித்தி மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவனுக்கு 37 வயது. கம்பெனி ஹெல்த் செக்கப்பில் 7.4 என்று வந்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு 6.3. "பார்டர்தான்ணா, பாத்துக்கலாம்" என்றான். குழுவில் போடவில்லை. போட்டிருந்தாலும் "ஸ்வீட்டைக் குறைடா" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறவன். ஒரு சராசரியைக் காட்டி யாராவது சந்தோஷப்பட்டால், அதற்குள் என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று கேட்பது தொழில் புத்தி. அந்த 5.9 அப்படித்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று மாத சராசரி என்பது ஏறின சர்க்கரை, இறங்கின சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கி வருகிற ஒற்றை எண். தரைக்குப் போன நாட்கள் அதிகம் இருந்தாலும் அது அழகாகத்தான் தெரியும்.

ஆவணியில் அண்ணன் வெளியூர் போயிருந்தபோது பெரியம்மாவுக்குத் துணையாக நான் மதுரையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை. பெரியம்மா கோயிலுக்குப் போய் வந்துதான் சாப்பிடுவார்; மாத்திரை மட்டும் காலை ஏழரைக்கு வேளை தவறாது. அவர் போட்டுக்கொண்டிருந்தது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும். பதினொரு மணி வாக்கில் சமையலறையில் பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தார். பாக்கெட் இடது கையில் இருக்கிறது, கத்தரிக்கோல் அதற்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கிறது. ரவிக்கை முதுகில் முழுக்க நனைந்திருந்தது. "என்ன பெரியம்மா" என்று கேட்டதற்கு, எப்போதோ செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு ஏதோ திட்டினார். நாக்கு குழறியது. பார்க்கிற யாருக்கும் பக்கவாதம் என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒரே பார்வையில், "மெஷினை எடுங்க" என்றார். அவர் வீட்டுக்காரருக்கும் வெகுகாலமாகச் சர்க்கரை. குளுக்கோமீட்டரில் 46, ரொம்பக் கீழே. அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பெரியம்மா தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி, "பாலை யாருடி கீழ கொட்டினது?"

அன்று சாயங்காலம் அந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில நம்பரை இறக்குறதுக்குத்தான் சொல்லித்தர்றாங்க. எங்க நிக்கணும்னு யாரும் சொல்றதில்ல." சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் கிட்டத்தட்ட இதே கேள்வியைப் பத்தாயிரம் பேரை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வுகளுக்கு உதாரணமாக அதைச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவை மனத்தில் வைத்துக்கொண்டு அதை மறுபடி படித்தபோது வேறு மாதிரி இருந்தது.

2008 பிப்ரவரி 6

அந்த ஆய்வின் பெயர் அக்கார்டு. அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் நடத்தியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 77 மையங்கள், 10,251 பேர். எல்லோருக்கும் டைப் 2. சராசரி வயது 62, சர்க்கரை வந்து சுமார் பத்து வருடம் ஆனவர்கள், மூன்றில் ஒருவருக்கு ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தது. பாதிப் பேருக்கு இலக்கு 6.0-க்குக் கீழ், அதாவது சர்க்கரையே இல்லாதவர்கள் அளவுக்குக் கொண்டுவருவது. மீதிப் பேருக்கு 7.0 முதல் 7.9 வரை. சர்க்கரை ஏற ஏற மாரடைப்பும் ஏறுகிறது என்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம். அப்படியானால் சர்க்கரையை இறக்கினால் மாரடைப்பும் இறங்க வேண்டும். யாருக்கும் இதில் பெரிய சந்தேகம் இல்லை. எவ்வளவு இறங்கும் என்பதுதான் கேள்வி. தீவிரக் குழுவுக்கு எந்த மருந்து தேவையோ அதெல்லாம் கொடுக்கலாம்: இரண்டு, மூன்று மாத்திரை, அதோடு இன்சுலின். அவர்களும் நன்றாகத்தான் செய்தார்கள். 8.1-ல் இருந்த அந்தக் குழு ஒரு வருடத்திலேயே 6.4-க்கு வந்தது. மற்றக் குழு 7.5-ல் நின்றது.

இந்த மாதிரி ஆய்வுகளில் நடுவில் கணக்கு எப்படிப் போகிறது என்பது நடத்துகிற டாக்டர்களுக்குத் தெரியாது. எந்தக் குழுவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பட்டியல் தனியாக ஒரு கண்காணிப்புக் குழுவிடம்தான் போகும். அவர்கள் அவ்வப்போது கூடிப் பார்ப்பார்கள். சராசரியாக மூன்றரை வருடம் ஆனபோது அவர்கள் மேஜையில் இருந்த கணக்கு இது: சாதாரணக் குழுவில் 203 மரணம், தீவிரக் குழுவில் 257. நூற்றுக்கு நாலுக்குப் பதில் ஐந்து. 54 பேர் கூடுதல். கடுமையாகச் சர்க்கரை இறங்கி மருத்துவ உதவி தேவைப்பட்டவர்கள் சாதாரணக் குழுவில் 3.5 சதவீதம், தீவிரக் குழுவில் 10.5 சதவீதம். பத்து கிலோவுக்கு மேல் எடை கூடியவர்கள் தீவிரக் குழுவில் நாலில் ஒருவருக்கும் மேல்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் உடனே "அப்ப நிறுத்திட வேண்டியதுதானே சார்" என்பார்கள். அவ்வளவு சுலபம் இல்லை. ஆய்வு அளக்க வந்தது மரணத்தை மட்டும் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றையும் சேர்த்து ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் தீவிரக் குழு கொஞ்சம் நன்றாகவே இருந்தது: 371-க்கு 352. உயிர் போகாத மாரடைப்பு தீவிரக் குழுவில் உண்மையிலேயே குறைவு. இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டினால் நாம் எதிர்பார்த்த பதில் வந்துவிடும் என்று வாதாட இடம் இருந்தது. ஏழெட்டு வருட உழைப்பு, கோடிக்கணக்கான டாலர், ஒரு தலைமுறை டாக்டர்களின் நம்பிக்கை எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் 54 மரணங்கள். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற வாய்ப்பு முழுக்கப் போய்விடாத 54. கண்காணிப்புக் குழு தீவிர சிகிச்சையை நிறுத்தச் சொன்னது. 2008 பிப்ரவரி 6 அன்று, திட்டமிட்ட முடிவுக்குப் பதினெட்டு மாதம் முன்பாகவே அறிவித்துவிட்டார்கள். தீவிரக் குழுவில் இருந்தவர்களைச் சாதாரண சிகிச்சைக்கு மாற்றினார்கள். தாங்கள் நம்பியதற்கு நேர் எதிரான எண்ணைப் பார்த்ததும் அதைப் பொதுவில் சொல்லிவிட்டார்களே, எனக்கு அந்த ஆய்வில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

சரி, ஏன் இறந்தார்கள்? இங்கேதான் நம் ஊர் வாட்ஸ்அப் தத்துவம் எல்லாம் சறுக்கும். "சர்க்கரை ரொம்ப இறங்கினால் சாவு" என்று ஒரே வரியில் முடிக்க நானும் ஆசைப்பட்டேன். தரவு அதற்கு இடம் தரவில்லை. கடுமையாகச் சர்க்கரை இறங்கியவர்கள் இரண்டு குழுவிலும் அதிகமாக இறந்தார்கள். ஆனால் தீவிரக் குழுவில் கூடுதலாக இருந்த மரணத்தை அது மட்டும் விளக்கவில்லை. 2010-ல் வந்த ஓர் அலசல் இன்னும் குழப்பியது. தீவிரக் குழுவில் ஆபத்து கூடுதலாக இருந்தது சர்க்கரை நன்றாக இறங்கியவர்களிடம் அல்ல. எவ்வளவு மருந்து கொடுத்தும் 7-க்கு மேலேயே நின்றவர்களிடம். அதாவது இறங்க மறுக்கிற உடம்பை மேலும் மேலும் மருந்து போட்டுத் தள்ளியதில்தான் ஏதோ ஆகியிருக்கிறது. வேகமா, எடையா, மருந்துகளின் கூட்டா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்தார்கள். இன்றுவரை ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்க முடியவில்லை. அதே 2008-ல் வெளியான அட்வான்ஸ் என்ற இன்னொரு ஆய்வில், 11,140 பேரில் தீவிரக் குழுவை நிதானமாக 6.5-க்கு இறக்கினார்கள். அங்கே மரணம் கூடவில்லை. இதயத்துக்குப் பெரிய லாபமும் இல்லை; சிறுநீரகப் பாதிப்பு மட்டும் குறைந்தது.

அதே வருடம், ரோமில்

அக்கார்டோடு நிறுத்தியிருந்தால் நான் ஒரு சோம்பேறித்தனமான முடிவுக்கு வந்திருப்பேன்: இந்த எண்ணைத் துரத்துவதே வீண் என்று. நம் ஆட்களில் பலர் அப்படிச் சொல்லிக்கொண்டு மாத்திரையையே விட்டுவிட்டு வெந்தயத் தண்ணீர் குடிக்கிறார்கள். ஆனால் அக்கார்டு நின்று ஏழு மாதம் கழித்து, செப்டம்பரில், ரோமில் நடந்த ஐரோப்பிய சர்க்கரை நோய் மாநாட்டில் வேறொரு முடிவு வந்தது. அது ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டர்னர் 1977-ல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வின் தொடர்ச்சி. 5,102 பேர், எல்லோரும் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தவர்கள், 25 முதல் 65 வயது வரை. பத்தில் ஒருவர் பிரிட்டனில் குடியேறிய இந்திய வம்சாவளியினர். 1997-ல் முடிந்தபோது பத்து வருட ஹெச்பிஏ1சி தீவிரக் குழுவில் 7.0, மற்றக் குழுவில் 7.9. கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் தீவிரக் குழுவில் 25 சதவீதம் குறைவு. மாரடைப்பு மட்டும் ஒரு மயிரிழையில் தப்பியது. 16 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல 0.05 வேண்டிய இடத்தில் 0.052 வந்தது. அந்த 0.002 பற்றி நான் ஒரு முழு வகுப்பு பேசுவேன், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

ஆய்வு முடிந்ததும் எல்லோரையும் அவரவர் டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். ஒரே வருடத்தில் இரண்டு குழுவின் சர்க்கரையும் ஒன்றாகிவிட்டது. தீவிரமாக இருந்தவர்களும் தளர்ந்தார்கள், தளர்வாக இருந்தவர்களும் இறுகினார்கள். டர்னர் 1999-ல் காலமானார். அவரோடு தொடக்கத்திலிருந்து வேலை செய்த ரூரி ஹோல்மன் அவர்களை மேலும் பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார். எண் ஒன்றாகிவிட்டதே, பலனும் கரைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கரையவில்லை, நிலைத்து நின்றது. தொடக்க வருடங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு மாரடைப்பு 15 சதவீதம் குறைவு, மொத்த மரணம் 13 சதவீதம் குறைவு. இந்த முறை சந்தேகத்துக்கு இடமே இல்லை. மெட்ஃபார்மின் போட்ட குண்டானவர்களுக்கு மாரடைப்பு 33 சதவீதம் குறைவு.

ஒரே வருடத்தில் வந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் உறுத்தல் ஓர் உருவத்துக்கு வந்தது. ஒரு ஆய்வு இறக்காதே என்கிறது, இன்னொன்று இறக்கு என்கிறது என்று தோன்றும். இரண்டும் பேசுவது வேறு வேறு மனிதர்களைப் பற்றி. நோய் புதிதாக வந்த நடுவயதுக்காரருக்கு இன்று இறக்குகிற ஒவ்வொரு புள்ளியும் இருபது வருடம் கழித்துப் பலன் தரும். நோய் முதிர்ந்து, ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே தடித்துப்போன வயதானவருக்கு அந்தப் பலன் வந்து சேரும் முன்பே ஆபத்து வந்து சேர்ந்துவிடும். இறுக்கிப் பிடிக்க வேண்டியது தொடக்கத்தில். கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டியது கடைசியில். நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? 78 வயதுக்காரருக்குக் காலையும் மாலையும் விரலில் குத்தி, ஒரு துண்டு மாம்பழத்துக்குக் கணக்குக் கேட்டு, 5.9-க்குக் கைதட்டினோம். 37 வயதுக்காரனுக்கு "பார்டர்தானே" என்று தோளில் தட்டினோம். இது எங்கள் குடும்பத்து விசேஷம் என்று நான் நினைக்கவில்லை. வயதானவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், சொன்னபடி கேட்கிறார்கள். காவல் காப்பது சுலபம். இளையவன் கையில் சிக்க மாட்டான்.

2012-ல் அமெரிக்க, ஐரோப்பிய சர்க்கரை நோய்ச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், எல்லோருக்கும் ஒரே இலக்கு என்பதையே விட்டுவிட்டு, ஆளைப் பார்த்து இலக்கு வையுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இன்னும் நேரடியாகச் சொன்னது: 65 வயது தாண்டிய பெரும்பாலோருக்கு மெட்ஃபார்மின் தவிர வேறு மருந்து கொடுத்து 7.5-க்குக் கீழே இறக்கப் பார்க்காதீர்கள். மெட்ஃபார்மினை ஏன் தனியாக விட்டார்கள் என்றால், அது தனியாக இருந்தால் சர்க்கரையைப் பள்ளத்தில் தள்ளுவது அபூர்வம். கிளிமிபிரைடு வகை அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, கோயிலுக்குப் போனீர்களா என்று அது பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைத்துவிடும். வயதாகிச் சிறுநீரகம் மந்தமானால் இன்சுலினும் இந்த மாத்திரைகளும் உடம்பை விட்டுப் போக நேரம் எடுக்கும். பெரியம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எண்ணைத் தாண்டிப் பார்க்க வைத்த இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் ஸ்டாக்ஹோமில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை வைத்து நடந்த ஆய்வின் முடிவை அறிவித்தார்கள். இதய நோயும் சர்க்கரையும் சேர்ந்திருந்த 7,020 பேர். போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஹெச்பிஏ1சி வித்தியாசம் கடைசியில் அரைப் புள்ளிகூட இல்லை. ஆனால் இதய நோயால் மரணம் 38 சதவீதம் குறைந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த மாத்திரைக்கு ஒரு கைதட்டல்கூடக் கிடைத்திருக்காது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் இந்தியாவில் அதன் விலை சரிந்துவிட்டது. அது நல்ல விஷயம்.

பார்டர் என்கிற ஊர்

கோயம்புத்தூர் தம்பி சொன்ன "பார்டர்" பற்றிக் கேட்க ஆக்ஸ்ஃபோர்டுவரை போக வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. உண்மையான பார்டர்காரர்கள் 531 பேர். சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கூடுதலாக இருக்கும். சராசரி வயது 46. நாலு பிரிவு. எதுவும் செய்யாமல் பொதுவான அறிவுரையோடு விட்ட பிரிவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேர் முழுச் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். பாதிக்கும் மேல்! அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த ஆய்வில் இவ்வளவு வேகம் கிடையாது. சாப்பாட்டை மாற்றித் தினம் நடந்தவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் போட்டவர்களில் 40 சதவீதம். இரண்டும் சேர்த்துச் செய்தவர்களிலும் 39-தான். கூட்டினால் கூடும் என்ற கணக்கு அங்கே வேலை செய்யவில்லை. மெட்ஃபார்மின் அளவும் சின்னது: 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. நம் உடம்பு வேறு மாதிரி, சராசரி எடை பெரிதாக இல்லாதபோதே வழுக்கிவிடும் என்பதை உள்ளூர் ஆய்வுதான் சொல்ல முடிந்தது. 7.4-ல் இருக்கிறவன் பார்டரில் நிற்கவில்லை; கடந்து உள்ளே போய் வீடு பிடித்தாயிற்று.

பெரியம்மாவுக்கு டாக்டரை மாற்றினோம். புது டாக்டர் குளுக்கோமீட்டர் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டி, எழுபதுக்குக் கீழே இருந்த எண்களை மட்டும் பேனாவால் வட்டம் போட்டார். வட்டம் நிறைய விழுந்தது. கிளிமிபிரைடை முதலில் பாதியாக்கி, அப்புறம் நிறுத்தினார். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் நீங்களாக மாத்திரையைக் கழிக்காதீர்கள், நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.) இப்போது 7.6. அண்ணனுக்கு இதில் வருத்தம்தான். "நல்லா வச்சிருந்தேன், ஏத்தி விட்டுட்டாங்க" என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இத்தனை வருடம் எண் ஏறினால் திட்டு, இறங்கினால் பாராட்டு என்றுதானே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டை அவர் குழுவில் போடவில்லை. பெரியம்மா மட்டும் வெள்ளிக்கிழமை மயக்கம் வருவதில்லை என்கிறார், மாம்பழம் கேட்கிறார்.

தம்பியோடுதான் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு ஷிப்ட் வாரத்தில் எது காலைச் சாப்பாடு, எது இரவுச் சாப்பாடு என்றே அவனுக்குத் தெரியாது. கம்பெனி வாசலில் இரண்டு மணிக்குக் கிடைப்பது பரோட்டாவும் டீயும். "அறுவது வயசுல கன்ட்ரோல் பண்ணிக்கலாம்ணா, அப்ப டைம் இருக்கும்" என்று ஒரு திட்டம் வைத்திருந்தான். யுகேபிடிஎஸ் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், கணக்குப் பிடித்தவன்தான். டாக்டரிடம் போனான், மெட்ஃபார்மின் 500 எழுதிக்கொடுத்தார்கள். எவ்வளவு நாளைக்கு இப்படி என்று கேட்டான். அந்த ஆய்வில் பலன் கண்டவர்கள் முதல் பத்து வருடம் ஒழுங்காக இருந்தார்கள், நீ முதலில் அதைப் பார் என்றேன். "பத்து வருஷமா!" என்றான். பின்னால் ஷிப்ட் சைரன் அடித்தது, போனை வைத்துவிட்டான். மாத்திரை போடுகிறானா என்று அவன் வீட்டுக்காரியிடம்தான் கேட்க வேண்டும்.